ரஸ்க்கின் மேல் சுண்டெலி

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் எங்கள் பக்கத்து வீட்டில் பெண் குழந்தை. பார்க்கப் போனதும் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார்கள். வட்டமான ரஸ்க், மேலே வெண்ணெய், அதன்மேல் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகச் சர்க்கரை மணிகள். கடித்ததும் சிரித்துவிட்டேன். நம்ம ஊர் ஓட்டலில் பில்லோடு வருமே சர்க்கரை பூசிய சோம்பு, கிட்டத்தட்ட அதே ருசி! டச்சுக்காரர்கள் இதைச் சுண்டெலிக் குட்டி என்கிறார்கள். மணியில் நீட்டிக்கொண்டிருக்கும் காம்புதான் வாலாம். ஆண் குழந்தை என்றால் நீலமும் வெள்ளையும். 2003-இல் இளவரசி அமாலியா பிறந்தபோது ஆரஞ்சு நிறத்திலேயே போட்டார்களாம், அது அரச குடும்பத்தின் நிறம்.

அப்புறம் குழந்தையின் அப்பா வாசலில் நின்ற சைக்கிளைக் காட்டினார். ஹேண்டில்பாருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே பெரிய மரப்பெட்டி. மூத்த பையன், மளிகை எல்லாம் அதில்தான். இந்த ஊர் ரயில் நிலையத்தின் அடியில் மட்டும் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறது என்றால் பாருங்கள்.

"ஓட்டிப் பாருங்களேன்" என்றார். ஏறினேன். பிரேக்கைத் தேடினால் கையில் ஒன்றுமே இல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதிக்க வேண்டுமாம். அதை அவர் சொன்னபோது நான் வேலிச் செடிக்குள் இருந்தேன்.