செவெர்ன் ஆற்றங்கரையில் நோடென்ஸின் குன்று

இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷைர் பகுதியில், செவெர்ன் ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டிய லிட்னி பூங்காவுக்கு வருவோரில் பெரும்பாலோர் வசந்தகால ரோடோடென்ட்ரான் மலர்களைக் காண வருகிறார்கள். நான் தேடிப் போனது, அந்தத் தோட்டத்துக்கு மேலே குன்றின் முனையில் கிடக்கும் நோடென்ஸ் என்ற பழைய பிரித்தானியத் தெய்வத்தின் கோயிலை.

இரும்புக் காலத்தில் அரணாக இருந்த அந்தக் குன்றில், ரோமானியர் ஆட்சியின் பிற்பகுதியில் எழுந்த கோயிலை 1928-29இல் மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸாவும் அகழ்ந்தார்கள் (1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய அதே வீலர்தான்). இப்போது புல்லுக்கு நடுவே எஞ்சியிருப்பவை தாழ்ந்த கற்சுவர்களே.

அயர்லாந்தின் நுவாடா, வேல்ஸின் நுத் எனப் புராணங்களில் இத்தெய்வத்தின் உறவினரைத் தேடுவோர் பலர். எனக்கென்னவோ காலடி மண்ணே அதிகம் சொல்வதாகப் பட்டது. குன்றுக்குள் இரும்புத் தாது இருக்கிறது. அதை வெட்டியெடுத்த ரோமானியர் காலச் சுரங்கத்தையும் வீலர் கண்டறிந்தார். பூங்கா மாளிகையின் சிறு அருங்காட்சியகத்தில் உள்ள வெண்கலக் கை ஒன்றில் நகங்கள் கரண்டிபோல் குழிந்திருக்கின்றன. அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் என்று கருதுவோர் உண்டு. நோயாளிகள் இங்கே தங்கி, கனவில் தெய்வத்தின் அருளைப் பெற்றிருக்கலாம் என்பது வீலரின் ஊகம். பண்டைய நோய்தீர்க்கும் தெய்வங்களோடு இணைத்துப் பேசப்படும் நாயின் உருவங்களும் இங்கே கிடைத்தன. அவற்றில் ஒன்று, படுத்தபடி தலையைத் திருப்பிப் பார்க்கும் வெண்கல வேட்டைநாய். அதன் உடலில் மயிர்ச்சுருள்கூடத் தெளிவாகத் தெரிகிறது.

இன்னொரு சான்று கடலைக் காட்டுகிறது. நான்கு குதிரைகள் பூட்டிய தேரில், கடல்வாழ் உருவங்கள் சூழ வரும் தெய்வம் ஒன்று வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. செவெர்ன் கழிமுகத்தில் ஓதத்தின் ஏற்றவிறக்கம் 14 மீட்டர் வரை போவதையும், பெருவோத நாள்களில் கடல்நீர் ஒரே அலையாகத் திரண்டு ஆற்றை எதிர்த்து உள்ளே ஏறுவதையும் கண்ட மக்களுக்கு அந்தத் தேர் வெறும் கற்பனையாக இருந்திருக்காது.

ஆயினும் பக்தர்கள் கேட்டதெல்லாம் உடல்நலம் மட்டுமல்ல. மோதிரத்தைத் தொலைத்த சில்வியானுஸ் என்பவர், அதன் மதிப்பில் பாதியைக் காணிக்கையாக நேர்ந்துகொண்டு, அது கோயிலுக்குத் திரும்பும்வரை செனிசியானுஸ் என்ற பெயருடையோர் எவருக்கும் நலம் அருளாதே என்று ஈயத்தகட்டில் எழுதி வைத்தார்.

போக விரும்புவோர், பூங்கா வசந்தத்தில் மட்டுமே திறந்திருக்கும் என்பதை நினைவில் கொள்ளவும். மார்ச், ஏப்ரலில் பெருவோதம் வரும் நாளைப் பார்த்துக் கிளம்பினால், ஆற்றின் மேற்பகுதியில் மின்ஸ்டர்வொர்த் கரையில் நின்று அந்த அலையையும் கண்டுவிடலாம்.