தகரக் கூரையும் தங்கச்சியின் குரலும்

நேற்று இரவு பத்தரைக்குத்தான் தங்கச்சியின் பாட்டைப் பதிய முடிந்தது. பகலில் சரிவராது. கிளிநொச்சியில் எங்கள் வீடு ஏ9 வீதியிலிருந்து கூப்பிடு தூரம். பஸ் ஹோர்ன் ஓய்ந்தால் மயில் அகவும், மயில் ஓய்ந்தால் வெயிலுக்குக் கூரைத் தகரம் டக் டக் என்று நெளியும்.

முதல் பதிவு கிணற்றுக்குள் நின்று பாடியதுபோல இருந்தது. மைக்கில்தான் பிழை என்று விலைகூடிய ஒன்று வாங்கப் பார்த்தேன். நல்ல காலம், கையில் காசில்லை. பிழை வெறும் சீமெந்துச் சுவரில். குரல் அதில் பட்டுத் திரும்ப மைக்குக்குள் வருகிறது. எங்களுடையது கார்டியோயிட் மைக், முன்னால் வருவதைத்தான் நன்றாகப் பிடிக்கும். அப்படியென்றால் பாடுகிறவரின் முதுகுப் பக்கச் சுவர்தான் முதல் எதிரி. கொடிக்கயிறு கட்டி, அம்மாவின் இரண்டு தடித்த போர்வைகளை அங்கே தொங்கவிட்டேன். மைக்கின் பின்பக்கம் ஜன்னலைப் பார்த்தது. எதிரொலி பாதிக்கு மேல் போய்விட்டது!

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். இன்னும் கிட்டப் போனால் அடிக்குரல் தடித்துவிடும். 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதியது. தையல் வளையத்தில் மெல்லிய நைலோன் துணியை இழுத்துக் கட்டி முன்னால் பிடித்தேன். 24 பிட் தரத்தில் பதிந்தேன். குரல் உடையாமல் இருக்க, உச்சத்திலும் ஒலி அளவு காட்டும் மீட்டர் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டவில்லை.

ஃபானை நிறுத்தியதில் இருவரும் வியர்வையில் தோய்ந்துவிட்டோம். ஐந்தாவது தரம் அருமையாக வந்தது, கடைசி வரியில் பல்லி சொல்லும் வரை. நல்ல சகுனமாம், அம்மா அழிக்க விடுகிறா இல்லை.