தூண் மேடைப் படமும் பாதி வாக்கியமும்

2008 ஆகஸ்ட் 28 அன்று டென்வரில் ஒபாமா ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றிய கூட்டத்துப் படங்கள் வந்தபோது செய்திப்பிரிவில் நடந்த பேச்சு இன்னும் என்னை அரிக்கிறது. ஒபாமாவுக்குப் பின்னால் கோயில் மண்டபம்போலத் தூண்கள் நிற்கும் படத்தை ஒதுக்கிவிட்டு, மைதானமும் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டமும் தெரியும் படத்தை எடுத்தேன். உதவி ஆசிரியர் தம்பி கேட்டார்: "சார், அந்த மேடையை அவங்க ஆளுங்கதானே போட்டாங்க? நாம ஏன் மறைக்கணும்?"

மறைக்கவில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். அந்த மாதம் முதல் தேதி எதிர் வேட்பாளர் மெக்கெயின் தரப்பு, ஒபாமாவை மீட்பர் என்று கேலி செய்யும் ஓர் இணைய விளம்பரம் விட்டிருந்தது; தூண் படம் அந்தக் கேலிக்குத்தான் உதவும் என்று நினைத்தேன். ஒபாமாவின் பேச்சுத் துண்டுகளை அடுக்கி, நடுவே பழைய சினிமாவில் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் பைபிளின் மோசேயாகச் செங்கடலைப் பிளக்கும் காட்சியைச் சேர்த்திருந்தார்கள். அதிலிருந்த ஒளிக்கற்றைத் துண்டு, நியூ ஹாம்ப்ஷயரில் கூட்டத்தைச் சிரிக்க வைக்க ஒபாமா சொன்னது. மேலிருந்து ஒளி இறங்கும், சட்டென்று ஞானம் பிறக்கும், எனக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்றார். முன்பின் இல்லாமல் ஒட்டினால் அது அருள்வாக்கு ஆகிவிடுகிறது.

ஜூன் 3 அன்று செயின்ட் பால் நகரில் ஒபாமா பேசியதற்கு நேர்ந்ததும் அதுதான். கடல் மட்டம் உயரும் வேகம் தணியத் தொடங்கிய தருணம், பூமி குணமாகத் தொடங்கிய தருணம் என்ற வரிகளை எல்லோரும் எடுத்தார்கள். சற்று முன்னால் தன் வரம்புகள் தனக்குத் தெரியும் என்கிறார். உழைக்கவும் போராடவும் நம்பவும் நாம் தயாராக இருந்தால் என்று நிபந்தனையும் வைக்கிறார். ஏஜென்சி செய்தியை நாலு பாராவுக்குள் அடக்கும்போது முதலில் போவது நிபந்தனைதான். அது செய்தியாகத் தெரிவதில்லை, அலங்காரம்தான் தெரியும்.

படத்திலும் வெட்டுதான் வேலை செய்கிறது. புகைப்படக்காரர்கள் நிற்பது மேடைக்குக் கீழே. அண்ணாந்து, நீண்ட லென்ஸில் எடுப்பார்கள். அது பின்னணியைத் தலைக்கு அருகே இழுத்துவிடும். ஒபாமாவின் பிரசாரச் சின்னமே உதிக்கும் சூரியன் உள்ள வட்டம். அது நேர் பின்னால் அமைந்தால் ஒளிவட்டம், அரையடி நகர்ந்து எடுத்தால் வெறும் பேனர். அதே படத்தை ஒரு பத்தி அகலத்துக்கு வெட்டி மைக், தோள், முன்வரிசைத் தலைகளை நீக்கினால் சாமி படம். இரண்டு பத்தியில் மைக்கோடு விட்டால் பேசுகிற அரசியல்வாதி.

ஆனாலும் தம்பியின் கேள்வி சரிதான். தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரே 2007 டிசம்பரிலேயே ஒபாமாவின் பிரசார மேடையில் 'நாம் காத்திருந்தவர் இவர்தான்' என்ற தொனியில் பேசினார். எதிர்த்தரப்பு அந்தப் பிம்பத்தை ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கவில்லை.

தூண்கள் வாஷிங்டனில் உள்ள லிங்கன் நினைவகத்தை ஞாபகப்படுத்துகின்றன, மார்ட்டின் லூதர் கிங் அங்கே பேசி அன்றோடு 45 ஆண்டு என்று தம்பிக்கு விளக்கினேன். "அப்போ அதையே படக்குறிப்பில போட்டு, தூண் படத்தையே வைக்கலாமே சார்" என்றார். குறிப்பை எவரும் படிக்க மாட்டார்கள், படம்தான் மனதில் நிற்கும் என்றேன். உண்மைதான். ஆனால் மெக்கெயினுக்குப் பின்னால் தூண்கள் நின்றிருந்தால் இவ்வளவு யோசித்திருப்பேனா? மாட்டேன் என்றே தோன்றுகிறது. அவரை யாரும் மீட்பர் என்று கேலி செய்யவில்லையே, அதனால் யோசிக்க வேண்டிய தேவையும் இருந்திருக்காது.