அட்டெனோலாலை விட மறுக்கும் கைகள்

மருந்துக்கடையில் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்கு, சீட்டிலுள்ள பிரஷர் மாத்திரையைப் பார்த்தாலே அதை எழுதியவர் எந்தக் காலத்தில் படித்தவர் என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். வேறு நோய் எதுவும் இல்லாதவருக்கு அட்டெனோலால் 50 எழுதியிருந்தால், எழுதியவர் பெரும்பாலும் மூத்த மருத்துவராகவும், டெல்மிசார்டன் 40 என்றிருந்தால் இளையவராகவும் இருப்பதைப் பார்க்கிறேன்.

நாளுக்கு ஒரு வேளை போட்டால் போதும், விலையும் குறைவு என்பதால் அட்டெனோலால் ஒரு தலைமுறை மருத்துவர்களின் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் 2002-இல் வெளிவந்த லைஃப் ஆய்வில், இதயத்தின் இடது கீழறை தடித்திருந்த 9,193 நோயாளிகளிடம் அதையும் டெல்மிசார்டன் வகையைச் சேர்ந்த லோசார்டனையும் ஒப்பிட்டபோது, இரு தரப்பிலும் இரத்த அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தும், லோசார்டன் எடுத்தவர்களிடம் பக்கவாதம் கால்பங்கு குறைவாக இருந்தது. 2005-இல், அட்டெனோலாலை அம்லோடிபின் என்ற வேறொரு பிரஷர் மாத்திரையோடு ஒப்பிட்ட ஆஸ்காட் ஆய்வின் முடிவும் அம்லோடிபினுக்குச் சாதகமாக அமைந்தது. மறு ஆண்டே பிரிட்டனின் வழிகாட்டுதல், அட்டெனோலால் சேர்ந்த பீட்டா பிளாக்கர் வகையை முதல் தேர்வு என்ற இடத்திலிருந்து நீக்கியது.

இத்தனைக்குப் பிறகும் பழக்கம் மாறாததற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது நியாயமன்று. கையில் பட்டை கட்டிப் பார்க்கும்போது 160 என்றிருந்தது 135 ஆக இறங்கியிருந்தால், மருந்து வேலை செய்கிறது என்றுதான் எந்த மருத்துவரும் முடிவு செய்வார். அதே மாத்திரை, இதயத்தையொட்டிய பெருந்தமனியில் அழுத்தத்தை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை என்பதும், பல ஆண்டுகள் கழித்து யாருக்குப் பக்கவாதம் வருகிறது என்பதும் அவருடைய மேசைக்கு வந்து சேர்வதில்லை. ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தால் மட்டுமே தெரியும் உண்மையை, எவ்வளவு நீண்ட அனுபவமும் தானாகக் கற்றுத்தராது.

அனுபவம் கைகொடுக்கும் இடம் வேறு. அம்லோடிபின் எடுப்பவருக்குக் கணுக்கால் வீங்கினால், அது மருந்தால் வந்த வீக்கம் என்பதைப் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும். அது பிடிபடாதபோது, வீக்கத்துக்கென்று நீர் பிரியும் மாத்திரை ஒன்று சீட்டில் கூடுதலாக ஏறிவிடும். ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரை தரும் வறட்டு இருமலுக்கு மருந்தை மாற்றாமல் இருமல் சிரப் எழுதப்பட்ட சீட்டுகளும் என் கைக்கு வந்ததுண்டு.

அட்டெனோலால் எடுத்துவருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியோ மாரடைப்போகூட வரக்கூடும். மாரடைப்பு வந்தவர்களுக்கும், படபடப்பு உள்ளவர்களுக்கும் இவ்வகை மருந்து வேறு காரணத்துக்காகவே கொடுக்கப்பட்டிருக்கலாம் என்பதால், தமக்கு எதற்காக எழுதினார் என்று மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.