லில்லிக்குச் சர்க்கரை, அப்புறம் கண்

எங்கள் நாய் லில்லி மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று முதலில் கவனித்தது அம்மாதான். ஈத்தாமொழிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு. மண்ணில் எறும்பு ஊர்வது ஒரு செய்தியே இல்லை. ஆனால் அப்பா பல வருஷமாகச் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர். அந்த எறும்புக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும். "மக்களே, இவ தண்ணியும் வாளி வாளியா குடிக்கா, பாத்தியா?" என்றாள். பார்த்தபோதுதான் இடுப்பு எலும்பு தட்டுப்பட்டது. தட்டைக் காலி செய்கிறாள், ஆனாலும் மெலிகிறாள்.

லில்லி வெள்ளை ஸ்பிட்ஸ். எங்கள் பக்கம் எல்லாரும் பொமரேனியன் என்றுதான் சொல்வார்கள். ஒன்பது வயது தாண்டியிருந்தாள், கருத்தடை செய்யவில்லை. நாகர்கோவிலில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். மனிதர்களுக்கு வைத்திருக்கும் அதே குளுக்கோமீட்டர்தான். 400-க்கு மேல் காட்டியது. நாயின் ரத்தத்தில் சர்க்கரை 200-ஐ ஒட்டி ஏறிவிட்டாலே சிறுநீரகத்தால் பிடித்து வைக்க முடியாமல் மூத்திரத்தில் இறங்கத் தொடங்கிவிடும், எறும்பு வந்தது அதனால்தான் என்றார். அப்புறம் அவர் கேட்ட கேள்வி எங்களுக்கு விசித்திரமாக இருந்தது: "கடைசியா எப்ப ஹீட்டுக்கு வந்தா?" பெட்டை நாய்க்கு இணை சேரும் அந்தக் காலம் முடிந்த பிறகு இரண்டு மாதம் போல ஒரு ஹார்மோன் உடம்பில் ஏறி நிற்கும், அது இன்சுலினை வேலை செய்ய விடாது. அதனால் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் வந்ததும் சினைப்பையையும் கர்ப்பப்பையையும் எடுத்துவிடுவது நல்லது என்றார். எடுத்தோம். அதற்குப் பிறகு அவளுக்குப் போடும் இன்சுலின் ஊசி அளவு நன்றாகவே குறைந்தது.

கண் பற்றிப் பேச வந்தவன் சர்க்கரையைப் பற்றியே பேசுகிறேனே என்று தோன்றும். கதை அங்கிருந்துதான் வருகிறது. அவள் கண்ணில் ஏழு வயதிலிருந்தே ஒரு நீலச் சாம்பல் மங்கல் இருந்தது. அது கண்புரை இல்லை. வயதானால் கண் வில்லை நடுவில் இறுகும், அதில் வெளிச்சம் பட்டு நீலமாகத் தெரியும், பார்வை பெரிதாகக் கெடாது. டாக்டர் அப்போதே அறையை இருட்டாக்கி டார்ச் அடித்துக் காட்டியிருந்தார். கண்ணின் பின்புறம் பூனைக்கண் போலப் பளிச்சென்று மின்னியது. அந்த மின்னல் தெரிகிறவரை வெளிச்சம் உள்ளே போகிறது என்று அர்த்தம். புரை வந்தால் அதை மறைத்துவிடும். வயதான நாய் வைத்திருக்கிறவர்கள் அந்த நீலத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆனால் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாசியில் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் நடந்த நாட்களில் அந்த மின்னல் இருந்தது. சித்திரை விசுவுக்கு அம்மா கனி வைத்தபோது லில்லியின் இரண்டு கண்ணும் சுண்ணாம்பு தேய்த்தமாதிரி ஆகிவிட்டன. அவ்வளவு வேகம். வயதால் வரும் புரை மெல்ல மெல்ல வரும், சர்க்கரையால் வருவது இப்படிச் சாடி வரும். ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை வில்லைக்குள் நுழைந்து, சார்பிட்டால் என்று இன்னொரு பொருளாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. அது தண்ணீரை இழுக்க, வில்லை ஊறி உப்பி வெளுத்துப் போகிறது. சர்க்கரை வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் புரை வந்துவிடுமாம். நன்றாக ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் வரும். பூனைக்கு அப்படி வருவது அபூர்வம் என்றார் டாக்டர். எங்கள் வீட்டுப் பூனை அதைக் கேட்டுக்கொண்டு போகவில்லை, அடுக்களையில் சாளை மீன் வெந்துகொண்டிருந்தது.

பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் பஞ்சு உருண்டையைக் கண்முன் போட்டுக் காட்டினார். பஞ்சு விழுந்தால் சத்தமும் வராது, காற்றும் அடிக்காது. கண் தெரிகிற நாய் தலையைத் திருப்பும். லில்லி திருப்பவில்லை. நாமே கையை ஆட்டிச் சோதித்தால் காற்று முகத்தில் பட்டு இமைக்கும், தெரிகிறது என்று ஏமாந்துபோவோம்.

இனி யோசனைகள் வரும் நேரம். நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடு என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. தேன் விடு என்றார் பால்காரர். வாட்ஸ்அப்பில் ஒருவர் புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று ஒரு படம் அனுப்பினார். வெளுத்துப்போன வில்லையைச் சொட்டு மருந்து எதுவும் திரும்பத் தெளிய வைக்காது. ஆப்பரேஷன் ஒன்றுதான் வழி. தேன் வீட்டில் இருக்கத்தான் வேண்டும், ஆனால் கண்ணுக்கு இல்லை. ஊசி போட்ட பிறகு நாய் தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, ஒருமாதிரி மந்தமாகிவிட்டாலோ சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம்; உடனே ஈறில் தேன் தடவிவிட்டு டாக்டருக்கு போன் போட வேண்டும். மார்த்தாண்டம் தேன் ஒரு பாட்டில் எங்கள் பிரிட்ஜ் மேல் எப்போதும் நிற்கும்.

ஊசியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இது உயிர் விஷயம். நம் ஊர்க் கடைகளில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு வலுவில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் ஒன்று, 100 யூனிட் இன்னொன்று. சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஸ்பிட்ஸ் மாதிரி ஒரு சின்ன உடம்புக்கு அது போதும், ஆளையே முடித்துவிடும். அப்பாவுடையது 100 வலுப் பேனா, லில்லியுடையது 40 வலுக் குப்பி. இரண்டையும் பிரிட்ஜில் வேறு வேறு தட்டில் வைத்தோம். காலை ஏழு, இரவு ஏழு. முதலில் சாப்பாடு, அப்புறம் ஊசி. சாப்பிடாவிட்டால் டாக்டரைக் கேட்காமல் முழு அளவு போடக்கூடாது. மரச்சீனிக் கிழங்கும் பழமும் நின்றன. அதில் அதிகம் வருத்தப்பட்டது அப்பாதான், தட்டுக்கு அடியில் ஒளித்துக் கொடுக்கும் பழக்கத்தை விட வேண்டியிருந்ததே.

குருடாக இருந்த அந்த மாதங்களில் அவள் வீட்டை மனப்பாடம் செய்துகொண்டாள். முதல் சில நாள் சுவரில் இடித்தாள், திண்ணை ஓரத்தில் நின்று அழுதாள். தேங்காய்க் கயிற்று மிதியடிகளை வாங்கி ஒவ்வொரு படிக்கும் முன்னால் போட்டோம். காலில் சொரசொரவென்று பட்டால் படி வருகிறது என்று ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டாள். தண்ணீர்ச் சட்டி, தட்டு, படுக்கை எதையும் இடம் மாற்றவில்லை. பைக்கை எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்தினேன். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது, தோட்டத்து உரக்குழிக்குத்தான் தட்டி கட்ட வேண்டியிருந்தது. தொடுமுன் கூப்பிட வேண்டும், தூங்கும்போது திடீரென்று தொட்டால் கடிக்கப் பார்க்கும். பூனைக்கு ஒரு மணி கட்டினோம், அதற்குப் பிடிக்கவில்லை. நாய்க்கு மூக்கும் காதும்தான் முதல், கண் அப்புறம்தான் என்று அந்த மாதங்களில் கண்ணாரக் கண்டோம். ஆப்பரேஷன் வேண்டாம் என்று முடிவெடுக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வலி இல்லாமல் பார்த்துக்கொண்டால் குருட்டு நாய் சந்தோஷமாகவே இருக்கும்.

அந்த 'வலி இல்லாமல்' என்பதில்தான் சிக்கல். ஊறி வெடிக்கப் பார்க்கும் வில்லையிலிருந்து புரதம் கசிந்து கண்ணுக்குள் அழற்சி உண்டாக்கும். லில்லியின் வலக்கண் சிவந்து, அவள் அதை மூடி மூடி வைத்தாள். பார்க்கிறவர்கள் புரை முற்றிவிட்டது என்பார்கள், அது அழற்சி. விட்டுவிட்டால் கண் அழுத்தம் ஏறலாம், விழித்திரை பிய்ந்து போகலாம். டாக்டர் ஸ்டீராய்டு இல்லாத சொட்டு மருந்தாகக் கொடுத்தார். ஸ்டீராய்டு சொட்டு சின்ன நாய்க்குச் சர்க்கரையைக் கொஞ்சம் ஆட்டிவைக்கும். மயக்கம் கொடுத்து ஆப்பரேஷன் செய்யச் சர்க்கரை அடங்க வேண்டும். அது அடங்கும்வரை காத்திருந்தால் அழற்சி கண்ணைத் தின்னும். ஒன்று பொறு என்கிறது, இன்னொன்று ஓடு என்கிறது. எனக்கு இதில் மிகக் கடினமாக இருந்தது ஆப்பரேஷன் இல்லை, இந்தக் காத்திருப்புதான்.

நாகர்கோவில் டாக்டர் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, 1903-இல் தொடங்கியது. "ஒரு நாய்க்காவவா டே மெட்ராஸ் வரை போற?" என்றார் அண்ணாச்சி. மறுநாள் அவரே வழிக்கு இளநீர் சீவிக்கொண்டுவந்து கொடுத்தார்.

ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு படுக்கை கூபேயோ நான்கு படுக்கை கேபினோ முழுக்க நம் பெயரில் கிடைக்க வேண்டும். சார்ட் போடும்வரை அது உறுதியாகாது. இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. கண் தெரியாத, சர்க்கரை உள்ள நாயை அதில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. காரில் போனோம், சுமார் 700 கிலோமீட்டர். இரவு ஏழு மணி ஊசியைப் போட்டுவிட்டுக் கிளம்பினால் அடுத்த ஊசி சென்னையில் சித்தி வீட்டில். இன்சுலினைப் பிளாஸ்கில் ஐஸோடு வைத்தோம், ஐஸில் நேராகப் படாமல் துணி சுற்றி. உறைந்துவிட்டால் மருந்து வீண். ஆரல்வாய்மொழி தாண்டும்போது காற்று காரை ஒரு ஆட்டு ஆட்டியது, லில்லி மூக்கைத் தூக்கி மோந்துவிட்டு மறுபடி படுத்தாள்.

வேப்பேரியில் காலையிலேயே கூட்டம். இமைக்குள் ஒரு தாளைச் செருகிக் கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்த்தார்கள், சர்க்கரை நாய்களுக்கு அது குறையும். கண் அழுத்தம் பார்த்தார்கள்; 10 முதல் 25 வரை சரியாம். அப்புறம் முக்கியமான இரண்டு: கண்ணுக்கு ஸ்கேன், விழித்திரையின் மின் சோதனை. வில்லை வெளுத்திருக்கும்போது பின்னால் இருப்பதை டாக்டராலும் பார்க்க முடியாது. விழித்திரை செத்திருந்தால் புரையை எடுத்து என்ன பயன்? இந்தச் சோதனை இல்லாமல் யாராவது நேராக ஆப்பரேஷன் தேதி கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். லில்லிக்கு இடக்கண் விழித்திரை நன்றாக வேலை செய்தது. வலக்கண்ணில் பிய்ந்திருந்தது.

அதனால் இடக்கண் மட்டும். அப்பாவுக்குப் புரை எடுத்தபோது கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள், மத்தியானம் வீட்டில் கஞ்சி குடித்தார். நாய்க்கு முழு மயக்கம், பட்டினி, அன்று காலை இன்சுலின் பாதி. முறை மனிதர்களுக்குச் செய்வதேதான்: சின்னத் துளை போட்டு, ஒலி அலையால் வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பது. வில்லையின் பவர்தான் வேறு, மனிதனுக்கு 20 டயாப்டர் அளவில் என்றால் நாய்க்கு 41.

மறுநாள் சித்தி வீட்டில் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்து லில்லி குரைத்தாள். சித்தி விசிறியை நிறுத்தினாள். சித்தியைப் பார்த்தும் குரைத்தாள்.

அதற்குப் பின் வந்தது சலிப்பான வேலை. கழுத்தில் புனல் மாதிரி ஒரு கோன், சொட்டு மருந்து இத்தனை வேளை என்று வாரக்கணக்கில். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மருந்தை இரண்டாவது கழுவிவிடும். காலண்டரில் கட்டம் போட்டு அம்மா டிக் அடித்தாள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை போட்டோம், கழுத்தை இழுத்தால் கண் அழுத்தம் ஏறும். கார் வாடகையும் மருந்தும் சேர்ந்து கையைக் கடித்தன, அதை மறைக்க ஒன்றுமில்லை.

அழுத்தம் பார்க்கத் திருவனந்தபுரம் போகிறோம், அந்தக் கருவி எங்களுக்கு அங்கேதான் பக்கம். ஆப்பரேஷன் நடந்த கண்ணிலும் அழுத்தமோ அழற்சியோ பின்னால் வரலாம், அதனால் இது நிற்காது. பார்வை போன வலக்கண்ணில் அழுத்தம் ஏறி வலிக்கத் தொடங்கினால் அதை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. வலி வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம். கடைசியாகப் பார்த்தபோது 17 இருந்தது.