வடைச்சட்டி எண்ணெய்க்கு வந்த விலை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் வடையும் பஜ்ஜியும் பொரித்து முடிந்த எண்ணெய் முன்பெல்லாம் பெரும்பாலும் சாக்கடைக்குத்தான் போகும். இன்று அதைக் காசு கொடுத்து வாங்கிப்போக லோரி வருகிறது. இந்தத் தேவை பெரும்பாலும் ஐரோப்பாவில் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி விதிகள் பொரித்த எண்ணெயைக் கழிவுப் பட்டியலில் வைத்து, அதில் செய்த எரிபொருளை இலக்குக் கணக்கில் இரு மடங்காக எண்ண இடம் கொடுத்தன. 2025 முதல் அங்குள்ள விமான நிலையங்களில் வழங்கும் எரிபொருளில் 2 விழுக்காடு பசுமை எரிபொருளாக இருக்க வேண்டும். 2030-இல் இது 6 விழுக்காடு, 2050-இல் 70. கழிவு எண்ணெய் இதற்கு மிகவும் கைகொடுக்கும் மூலப்பொருள்.

மலேசியாவும் 2023-இல் தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தை வெளியிட்டது. பெட்ரோனாஸ், இத்தாலியின் எனிலைவ், ஜப்பானின் யூக்ளினா மூன்றும் சேர்ந்து ஜொகூர் பெங்கெராங்கில் உயிரி எரிபொருள் ஆலை கட்ட 2024 ஜூலையில் முடிவெடுத்தன. அது ஆண்டுக்கு 6 லட்சத்து 50 ஆயிரம் டன் கொழுப்பையும் எண்ணெயையும் உள்ளே எடுக்கும். பெரிய எண்தான். ஆனால் உலக விமானங்கள் ஓராண்டில் எரிப்பது ஏறத்தாழ 30 கோடி டன். சட்டி எண்ணெய் விமானத் துறையைக் காப்பாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதனால் உண்மையிலேயே மாறக்கூடியது நம் கடைகளின் சாக்கடையும் சாப்பாடும்தான். எனக்கு அதுவே போதுமான காரணம்.

சாப்பாட்டைச் சொல்லக் காரணம் உண்டு. பழைய எண்ணெய்க்கு விலையே இல்லாதபோது கடைக்காரர் அதைக் கடைசிச் சொட்டு வரை ஓட்டுவார். விற்க முடியும் என்றால் ஒரு நாள் முன்பே மாற்றக் கை வரும். மாற்ற வேண்டிய நேரத்தை எண்ணெயே காட்டும்: பொரிக்கும்போது எழும் பொடி நுரை அடங்காமல் நிற்கும், வழக்கமான சூட்டிலேயே புகையும், கரண்டியிலிருந்து கொழகொழவென்று வடியும். கைக்கருவியால் அளப்பவர்கள், எண்ணெய் கெடக் கெட அதில் பெருகும் துருவச் சேர்மங்களின் அளவைப் பார்ப்பார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 24 முதல் 27 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது.

இனி விலை கெடாமல் எடுத்து வைக்கும் முறை. அடுப்பை அணைத்ததும் ஊற்ற வேண்டாம். கை பொறுக்கும் சூடு வரட்டும். முதலில் கம்பி வடிகட்டி, அடுத்து இரண்டு மடிப்பு வெள்ளைத் துணி. துணி காய்ந்திருக்க வேண்டும். வடிகட்டியதை ஓர் இரவு அசையாமல் வைத்தால் கடலை மாவும் உளுந்துத் தூளும் அடியில் படியும். மறுநாள் மேல் எண்ணெயை மட்டும் சாய்த்து ஊற்றி, அடி வண்டலை விட்டுவிடுங்கள். எண்ணெய் வந்த 17 கிலோ தகர டின்னே போதும், துரு இருக்கக் கூடாது. சவர்க்காரமோ பூச்சிமருந்தோ இருந்த தோம்பு (பீப்பாய்) எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். டின்னை மூடி, பலகை மேல், மழைச் சாரல் படாத இடத்தில் வையுங்கள். பினாங்கு மழைக்கு ஐந்தடி நடைபாதை நல்ல இடமில்லை.

தண்ணீர்தான் முதல் எதிரி. நீர் இருந்தால் எண்ணெய் உடைந்து கொழுப்பு அமிலம் பெருகும். பயோடீசல் ஆலையில் அந்த அமிலம் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. விமான எரிபொருள் ஆலை ஹைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்தி எண்ணெயிலுள்ள ஆக்சிஜனை நீக்குகிறது. அங்கே உப்புதான் தொல்லை: அதிலுள்ள குளோரைடு இரும்பை அரிக்கும், சோடியம் வினையூக்கியைக் கெடுக்கும். அதனால் பொரித்த கச்சானுக்கும் மிக்சருக்கும் சட்டிக்கு மேலே வைத்து உப்புத் தூவாதீர்கள், தனித் தட்டில் தூவுங்கள். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கரண்டி எண்ணெயைச் சிறு தீயில், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு சூடாக்குங்கள். சடசடத்தால் நீர் இருக்கிறது.

நெய், ஆட்டுக் கொழுப்பு, கோழித் தோல் வறுத்த கொழுப்பு ஆகியவற்றுக்குத் தனி டின். கழுவுதொட்டிக்குக் கீழே, கழிவுநீரின் கொழுப்பைத் தடுத்துப் பிடிக்கும் கொழுப்புப் பொறியில் மிதக்கும் பசையை மட்டும் எக்காரணம் கொண்டும் இதில் சேர்க்கக் கூடாது. அது கழிவுநீரில் ஊறியது, அழுகியது. ஒரு வாளிப் பசை ஒரு தோம்பு நல்ல எண்ணெயைக் கெடுக்கும். பொறியைத் தனியாக ஒழுங்காகச் சுரண்டி அள்ளாவிட்டால் குழாய் அடைபடும். அடைபட்ட குழாயில் கொதிநீர் ஊற்றுவது பலரின் பழக்கம். உருகிய கொழுப்பு சற்றுத் தள்ளிப்போய் ஆறி, பக்கத்துக் கடையின் குழாயில் கல்லாக நிற்கும்.

விற்கும்போது கிலோவில் நிறுத்துக் கொடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 0.91 கிலோதான். நீங்கள் லிட்டரில் எண்ண, வந்தவர் கிலோவில் விலை சொன்னால் பேச்சே ஒத்துவராது. 17 கிலோ டின் நிரம்ப சுமார் 18.7 லிட்டர் பிடிக்கும். "டின்னுக்கு இவ்வளவு" என்று பேசுபவரிடம் கவனமாக இருங்கள். தராசு, உரிமம், ரசீது மூன்றையும் கேளுங்கள்.

ஒரு தாளும் நீட்டுவார்கள். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று உறுதிசெய்யும் ஐஎஸ்சிசி என்ற சான்றிதழ் முறையில் சிறு அளவில் எண்ணெய் கொடுக்கும் கடை ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டால் போதும்: இது என் கடையில் பொரித்த எண்ணெய்தான், வேறு எதுவும் கலக்கவில்லை என்று. அளவு எழுதாத வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே வேண்டாம். உங்கள் கடைப் பெயரில் எங்கிருந்தோ வந்த புது எண்ணெயைக் கழிவென்று காட்ட அந்தத் தாளே போதும்.

ஏன் புது எண்ணெயைக் கழிவென்று விற்க வேண்டும்? கணக்கு எளிது. அரசு உதவித்தொகையில் விற்கும் 1 கிலோ சமையல் எண்ணெய்ப் பாக்கெட் 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு. கச்சா செம்பனை எண்ணெய் டன் 4,000 வெள்ளிக்கு விற்றால் கிலோ 4 வெள்ளி. கழிவு எண்ணெயின் விலையும் 2 வெள்ளி 50 காசைத் தாண்டும் நாளில், பாக்கெட்டைப் பிரித்துக் கொஞ்சம் கருக வைத்து ஊற்றினாலே லாபம். அன்று கடையில் பாக்கெட் கிடைக்காமல் திரும்புவது அடுக்குமாடியில் குடியிருக்கும் குடும்பம். பொரித்தால் எண்ணெயில் ஒரு பகுதியைப் பலகாரம் குடித்துவிடும். ஆகவே வாங்கிய அளவையும் கொடுத்த அளவையும் ஒப்பிட்டால் பொய் தெரிந்துவிடும். உதவித்தொகைப் பாக்கெட் வீட்டுக்கானது, கடைக்கு 17 கிலோ டின். சோதனையைத் தெருவோர வடைக்கடையில் தொடங்காமல், பல கடைகளின் எண்ணெயைச் சேர்த்து ஏற்றுமதி செய்யும் கிடங்குகளில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். டன் கணக்கில் கலக்க இடமும் பணமும் அங்கேதான் இருக்கின்றன.

நம் ஊரில் பெட்ரோல் நிலையத்து டீசலில் 10 விழுக்காடு பயோடீசல் கலப்பது 2019-இல் வந்தது. அதைச் செய்வது புதுச் செம்பனை எண்ணெயில். பொரித்த எண்ணெய் கப்பலேறுகிறது. கூட்டித் திரட்டும் வேலை நம்முடையது, பசுமைக் கணக்கு வேறு நாட்டுடையது. பெங்கெராங் ஆலை வந்தால் இதில் கொஞ்சம் மாறலாம்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜாலான் உத்தாமாவிலும் ஜாலான் கெபுன் பூங்காவிலும் பந்தல் போட்டுப் பொரிப்பவர்கள், காய்கறிக்குப் பட்டியல் எழுதும்போதே பழைய எண்ணெய்க்கு மூடியுள்ள தோம்பும் பெரிய புனலும் எழுதிவிடுங்கள். ஒருவரை மட்டும் பொறுப்பாக வையுங்கள், பத்துப் பேர் ஊற்றினால் யாராவது சாம்பார் வாளியையும் கவிழ்ப்பார்கள். தோம்பு பந்தலின் பின்பக்கம், குழந்தைகள் நடக்காத இடத்தில் இருக்கட்டும். மறுநாள் காலைக்கே லோரியைச் சொல்லி வைத்துவிடுங்கள். பந்தல் பிரித்தபின் தோம்பைக் காக்க ஆள் இருக்காது.

வீட்டில் சேருவது வாரம் அரை லிட்டர்கூட வராது. அதற்கென்று லோரி வந்தால் அது எரிக்கும் டீசலுக்குக்கூடக் கட்டாது. பினாங்கில் 2016 ஜூன் முதல் வீட்டிலேயே குப்பை பிரிக்கப் பழகியிருக்கிறோம். அதே பழக்கத்தில் மாடிக்கட்டடக் கீழ்த்தளத்தில் பூட்டுள்ள ஒரு தோம்பு, ஒரு குறிப்பேடு, மாதம் ஒரு முறை லோரி என்று நிர்வாகக் கூட்டத்தில் முடிவெடுக்கலாம். தீபாவளிக்கு முறுக்கு சுடும் வாரங்களில் மட்டும் இரண்டு தோம்பு தேவைப்படும். வரும் பணத்தைப் படிக்கட்டு விளக்குக்கோ துப்புரவுப் பணியாளருக்கோ கொடுப்பது என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். பணம் எங்கே போனது என்ற பேச்சு வந்தால் அடுத்த மாதம் தோம்பு காலியாகவே இருக்கும்.

தோம்பு வைக்க வழியில்லாதவர்கள் சோப்பு செய்யலாம். வடிகட்டிய செம்பனை எண்ணெய் 1 கிலோவுக்கு 134 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, 320 கிராம் தண்ணீர். காரத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த சன்னல் அவசியம். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் தின்றுவிடும், எவர்சில்வர் எடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பானதும் சேர்த்து, தோசை மாவுப் பதம் வரும்வரை கலக்கி அச்சில் ஊற்றி, நான்கு வாரம் காய விடுங்கள். தரை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் நன்றாக இருக்கும், குளிக்க வேண்டாம். பழைய எண்ணெயின் வாசம் முழுதாகப் போகாது.