ஊதவா, வேண்டாமா?

தீபாவளி அன்று ராத்திரி பதினொன்றரை மணி. மிச்ச அதிரசத்தை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சித்தி பையனிடமிருந்து போன். மதுரையில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். எடுத்ததுமே குசுகுசுவென்று, "அக்கா, ரிங் ரோட்டுல நிறுத்திட்டாங்க. ஊதச் சொல்றாங்க. ஊதவா, வேணாமா?"

"குடிச்சிருக்கியா?"

"ரெண்டே ரெண்டு பீருக்கா."

நான் வக்கீலாகிப் பதினான்கு வருடம். பண்டிகைக்குப் பண்டிகை இந்தக் கேள்வி வந்துவிடும். "ஊதினாத்தான்டா கேஸு" என்று ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நண்பன் சொல்லி வைத்திருக்கிறான். அந்த நண்பன் மட்டும் என் கையில் கிடைத்தால்... சரி, விடுங்கள்.

ஊது என்றேன். சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்து, ஊத மறுத்தால், மோட்டார் வாகனச் சட்டம் 203-ஆம் பிரிவின்படி வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். அப்புறம் ஸ்டேஷனில் டாக்டரை வைத்து ரத்தம் எடுக்கலாம். தகுந்த காரணமில்லாமல் மறுத்ததையே கோர்ட் அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ளவும் 205-ஆம் பிரிவு இடம் தருகிறது. வாயை மூடிக்கொண்டால் தப்பலாம் என்பது இங்கே நடக்காது.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் வரைதான் சட்டம் விடும். இவனுக்கு ஊதுகிற மெஷின் 52 காட்டியது. மெஷின் தரும் சீட்டில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா பார், போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். ரோட்டில் யாரிடமும் காசு கொடுக்காதே என்றும் சொன்னேன். இந்தக் குற்றத்துக்கு ஸ்பாட் ஃபைன் கிடையாது, மாஜிஸ்திரேட்டிடம்தான் போக வேண்டும்.

ஊதியதால் தப்பித்தவர்களும் உண்டு. போன மாட்டுப் பொங்கலுக்கு ஒரு பெரியவர், கறிச்சோறு செரிக்கட்டும் என்று ஜீரகாரிஷ்டம் என்கிற ஆயுர்வேத மருந்தைக் குடித்துவிட்டு டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்திருக்கிறார். இரண்டு தெரு தாண்டவில்லை, பிடித்துவிட்டார்கள். ரீடிங் 38. அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்வது, அதில் ஆல்கஹால் உண்டு. குடித்த கொஞ்ச நேரத்துக்கு அது வாயிலேயே தங்கி எண்ணை ஏற்றிக் காட்டும். கைதானவருக்கு ஸ்டேஷனில் மறுபடி ஊத வாய்ப்புத் தர வேண்டும் என்று 203-இன் ஐந்தாம் உட்பிரிவு சொல்கிறது. கேட்டு வாங்கினேன். முக்கால் மணி நேரம் கழித்து ஊதினார், 4. பெரியவர் அழுதுவிட்டார். இந்த உரிமையைக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

தம்பிக்கும் இரண்டாவது தரம் ஊத வைத்தார்கள். 49. அவன் குடித்தது அரிஷ்டம் இல்லையே!

நானும் வீட்டுக்காரரும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் முகம் வெளிறிக் கிடந்தது. நாளைக்கும் கோர்ட் லீவு, உள்ளேயே கிடக்கணுமா என்பதுதான் அவன் பயம். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆள் ஜாமீன் கொடுத்தால் ஸ்டேஷனிலேயே விட வேண்டும், கோர்ட் திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்னொரு கணக்கும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் கண்ணெதிரே குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைது செய்தால், 202-ஆம் பிரிவின்படி இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், நடக்காவிட்டால் விட்டுவிட வேண்டும். தீபாவளி ராத்திரி டியூட்டி டாக்டர் பட்டாசுக் காயங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார், அதனால் கைதான நேரத்தைக் குறித்துவைத்திருந்தேன். ஒன்றரை மணி நேரத்திலேயே முடித்துவிட்டார்கள். பெண்ணாக இருந்தால் ரத்தம் எடுப்பது பெண் டாக்டராக இருக்க வேண்டும், அல்லது பக்கத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும். அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைக் குடிக்காத ஆளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. நம்மூரை அது கட்டுப்படுத்தாது, இருந்தாலும் சொல்லிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனநிலையில் இருந்தார் போல. குட்டியானையை என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு வந்தார், வழியெல்லாம் கியரைத் திட்டிக்கொண்டே.

கோர்ட்டுக்குப் போகும் முன்னால் தம்பி கேட்டான், "பத்தாயிரத்தைக் கட்டிட்டு வந்துடலாம்லக்கா, ஹெல்மெட் ஃபைன் மாதிரி?"

அப்படி இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது தண்டனை. முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். அடுத்த தடவை 15,000, சிறை இரண்டு வருடம் வரை. லைசென்ஸ் ஆர்.டி.ஓ.வுக்குப் போகும். ரத்து செய்வதற்கு முன் அவன் தரப்பைக் கேட்க வேண்டும். இவனுக்குப் பிழைப்பே லைசென்ஸ்தான், அதனால் அந்த நோட்டீஸ் வந்தால் தூக்கிப் போடாதே என்று இரண்டு தரம் சொன்னேன். தள்ளாடினான், வாடை அடித்தது என்பதை மட்டும் வைத்து ஒருவன் போதையில் இருந்தான் என்று முடிவு கட்ட முடியாதென்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் இங்கே இரண்டு சீட்டும் ரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. மெஷின் மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை. ஒப்புக்கொண்டான், பத்தாயிரம் கட்டினான்.

வண்டியில் டைனமோ போய்விட்டது, அதற்குத்தான் பணம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். நேற்று சித்தி போன் பண்ணி, பத்தாயிரத்துக்கு என்னடி டைனமோ என்று கேட்கிறாள்.